மாத்திட்டேன்னு சூடம் அணைச்சேன்

நான் பண்ணினது பொய்ச் சத்தியம் இல்ல சார். அதை மொதல்ல காதுல வாங்கிக்குங்க, மத்ததெல்லாம் அப்புறம். நீங்க யாரோ நான் யாரோ, எனக்கு முன்னாடி ஸ்டாப்பிங், உங்களுக்கு இன்னும் தூரம். உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது?

கரும்பு மில்லுல கம்ப்யூட்டர் செக்‌ஷன் சார் நான். குணசீலன்னு பேரு. யார்டுல எல்லாரும் 'சிஸ்டம் சார்'னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்கன்னு சொல்லணும். இப்ப என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன், பஸ்ஸுல பொம்பளைங்க இருக்காங்க.

இன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். புளியங்கொல்லை கூட்ரோட்டுல எறங்கணும். கரும்பு விவசாயிங்க சங்கம் கூட்டம் போட்டிருக்கு. தட்சணாமூர்த்தின்னு எங்க மில்லு கவுண்டர் கிளார்க், அவன் லாரிக்காரங்ககிட்ட கை நீட்டி வண்டி முறையை மாத்தினானா இல்லையான்னு நான் வந்து சொல்லணுமாம். இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா அவனை ஊருக்குள்ள வாழ விடுவாங்க, வேலையும் திரும்பக் கிடைக்கும். சொல்லலைன்னா அவன் பொஞ்சாதி பிள்ளையோட ஊரை விட்டுக் கெளம்ப வேண்டியதுதான். ரெண்டு தடவை வீட்டு மேல கல்லு விழுந்தாச்சு. அவனே ஸ்டாப்பிங்குல வந்து நிக்கிறேன்னிருக்கான், என்னைக் கூட்டிக்கிட்டுப் போக.

போகத்தான் போறேன். அதுக்குள்ள உங்களுக்கு நடந்ததைச் சொல்லிடறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

சீசன்ல மில்லு ஒரு நிமிஷம் நிக்காது சார். கரும்பு வெட்டினதும் உள்ள போயிடணும். வெயில்ல நின்னா சாறு வத்திப்போகும், எடை எறங்கும். விவசாயிக்கு வயித்துல அடி. அதனால யார்டுல எவன் முந்தி எவன் பிந்திங்கறதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். மூணு எடைமேடை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவுண்டர். கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டினா அடுத்து எந்த வண்டின்னு நம்பர் வரும், மைக்குல கூப்பிடுவான். அந்த நம்பரை எடுத்துக் குடுக்கிறது டேட்டாபேஸ். டேட்டாபேஸுக்கு முறை சொல்லிக் குடுத்தது நான்.

உள்ளுக்குள்ள ஃபங்ஷன்னு ஒண்ணு எழுதி வெப்போம். உடனே காதுகுத்தா, மஞ்சள்நீரான்னு கேக்காதீங்க. சின்னக் கட்டளைதான். 'அடுத்த வண்டி எது'ன்னு கவுண்டர் கேட்டா, இன்ன முறையில பாருன்னு அது சொல்லும். அப்ப இருந்த முறை, மில்லோட காண்ட்ராக்ட் லாரி மொதல்ல, விவசாயி டிராக்டர் அப்புறம். நானா வெச்சேன்? மேல சொன்னாங்க, எழுதினேன்.

டிராக்டர்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாங்க. ஒரு நாள் முருகவேல்னு ஒருத்தன் டிராக்டரைக் கொண்டாந்து லாரிக்குக் குறுக்க நிறுத்திட்டான். சங்கத் தலைவர் காத்தவராயன் அண்ணனோட மருமகன். அந்தப் பக்கம் லாரிக்கெல்லாம் மேஸ்திரி பக்கிரி. பக்கிரி எறங்கி வந்தான். ஜாக்கி லீவரை எடுத்தான், தாடையில ஒண்ணு விட்டான். எனக்கு மாடியில கேட்டுச்சு அந்தச் சத்தம். கரும்பை முட்டியில வெச்சு ஒடிச்சா வரும் பாருங்க, அப்படி. முருகவேல் மண்ணுல கெடந்து பல்லைத் துப்பறான், இவன் அவன் நெஞ்சு மேல கால வெச்சுக்கிட்டு, "இன்னும் எவன்டா வர்றது?"ங்கறான்.

மறுநாள் மொத்தக் கிராமமும் மில்லு வாசல்ல. கேட்டை இழுத்துப் பூட்டிட்டாங்க. ஜி.எம்., அதான் மில்லுப் பெரிய அதிகாரி, அவரு காரை மறிச்சு, அவரை சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்து, எடைமேடையில ஏத்தி நிறுத்தினாங்க. "வெயில்ல நின்னா எவ்வளவு எறங்குதுன்னு பார்க்கலாம், நில்லுய்யா"ன்னாங்க. பாவம், அவரு பூட்ஸ் காலோட நின்னாரு, வேர்வை கொட்டுது. சட்டை பாதி கிழிஞ்சு தொங்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு சார், அடக்கிக்கிட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டாரு. லாரி, டிராக்டர் வித்தியாசம் கிடையாது, வந்த வரிசைதான்.

என்னைக் கூப்பிட்டு மாத்துய்யான்னாரு. மாத்தினேன். எனக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை. என் சீட்டுலயே உக்காந்து கேட்டுப் பார்த்தேன், அடுத்த வண்டி எதுன்னு. வந்த வரிசைப்படி டக்கு டக்குன்னு சொல்லுது. சுத்தமான வேலை.

அப்பதான் இந்தத் தட்சணாமூர்த்தி படியேறி வந்தான். ஒண்ணாம் நம்பர் கவுண்டர். நல்லவன்தான், ஆனா வாய் பேசத் தெரியாது, நின்னு நின்னு இழுப்பான்.

"சார், நீங்க மாத்தினது... எங்க கவுண்டர்ல வரணும்னா, நாங்க ஒரு தடவை மூடித் திறக்கணுமா சார்?"

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம். ஏன்னா அது என் உத்தரவு சார், சீசன் முடியற வரைக்கும் எவனும் கவுண்டர் புரோகிராமை மூடக் கூடாதுன்னு. சீசன் ஆரம்பத்துல எவனோ ஒருத்தன் நடுவுல மூடிட்டு, எடை போட்டுக்கிட்டிருந்த லாரி கணக்குல காணாமப் போய், ஜி.எம். என்னை நாயைத் திட்டற மாதிரி திட்டினாரு. அதுலேர்ந்து அப்படி.

"ஏன்டா, நான் படிச்சவனா நீ படிச்சவனா? ஃபங்ஷன் இருக்கறது சர்வர்ல. உன் டப்பாவுல என்ன இருக்கு? மூடினே, கையை ஒடிச்சுடுவேன்"னேன்.

"சரிங்க சார்"னு எறங்கிப் போயிட்டான். அவ்வளவுதான் நடந்தது. இதைத்தான் இப்ப அவன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா.

கீழ காத்தவராயன் அண்ணன் காத்துக்கிட்டிருந்தாரு. நான் போய், "அண்ணே, மாத்தியாச்சு. மேல வாங்க, ஸ்கிரீன்ல காட்டறேன்"னேன்.

"உன் கண்ணாடிப் பொட்டியில தெரியறதெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. அது நீ என்ன சொல்றியோ அதைக் காட்டும். முனியப்பன்கிட்ட வா. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. அப்ப நம்பறேன்."

மில்லு வாசல்ல முனியப்பன் இருக்காரு சார். எந்த டிரைவரும் எலுமிச்சம்பழம் வெக்காம வண்டியை எடுக்க மாட்டான். துடியான சாமி. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர், எனக்கு என்ன இந்த வேலைன்னு போயிருக்கலாம். ஆனா நான் ஏன் பயப்படணும்? மாத்தினவன்தானே நான்? போனேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவுல சூடத்தை ஏத்தினாங்க. "பழைய முறையை எடுத்துட்டேன். இனிமே வந்த வரிசைதான். இது பொய்யின்னா என் பொண்ணு வாழ மாட்டா"ன்னு சொல்லி, உள்ளங்கையை வெச்சு அணைச்சேன். சுட்டுடுச்சு. காத்தவராயன் அண்ணன் என் தோளைத் தட்டி, "கேட்டைத் திறங்கடா"ன்னாரு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கே, சொன்னா நம்ப மாட்டீங்க. படிச்சவன் எவன் சார் இந்த மாதிரி தெகிரியமா கை வெப்பான்?

சம்பத்துன்னு மூணாம் நம்பர் கவுண்டர்காரன். கேட்டைத் திறந்து எடை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல, கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சுன்னு அவன் நிறுத்தித் திரும்பப் போட்டுட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு விஷயம் தெரிஞ்சதும் நேரா போய், வரிசையில நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் பளார்னு ஒண்ணு குடுத்தேன். கன்னம் வீங்கிப்போச்சு. உத்தரவுன்னா உத்தரவுதானே? அழுதுக்கிட்டே எடை போட்டான்.

உச்சி வெயில்ல தகராறு ஆரம்பிச்சுது. ஒண்ணுலயும் ரெண்டுலயும் மைக்குல கூப்பிடற நம்பரெல்லாம் லாரி நம்பர். ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, டிராக்டர்காரங்க பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. மூணாம் நம்பர்ல டிராக்டர், லாரி கலந்து வந்த வரிசையில போகுது. அங்க லாரிக்காரங்களுக்கு எரிச்சல், 'இந்தக் கவுண்டர்காரன் விவசாயிங்ககிட்ட வாங்கிட்டான்'னு. இங்க இவங்களுக்கு எரிச்சல். பக்கிரி மூணாம் நம்பர் ஜன்னல்ல கையை விட்டு சம்பத் சட்டையைப் பிடிச்சு இழுத்து, முகத்தைக் கம்பியில மோதறான். நான் அறைஞ்ச அதே கன்னம். அதைப் பார்த்துட்டு, முருகவேலோட அண்ணன் கரும்பு வெட்டற கத்தியை எடுத்துக்கிட்டு ஓடி வந்து பக்கிரி முழங்கையில போட்டான். கை தோல்ல தொங்குது சார். பக்கிரி அந்தக் கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டே அவனை உதைக்கிறான். ரத்தம் பீய்ச்சி அடிக்குது, அவனுக்கு வலியே தெரியல.

அப்புறம் யாரு யாரை அடிக்கிறதுன்னு கணக்கே இல்ல. கரும்பை உருவி உருவி அடிக்கிறாங்க. பச்சைக் கரும்பு பட்டா தோலு வாழைப்பட்டையாட்டம் உரியும். ஒருத்தன் டிராக்டரை ரிவர்ஸ்ல எடுத்து ஒண்ணாம் நம்பர் கேபின் மேலயே விட்டான், செவுரு பொளந்துபோச்சு. ஒரு லாரிக்கு நெருப்பு வெச்சுட்டாங்க, காஞ்ச கரும்புச் சோகை படபடன்னு பத்திக்கிச்சு. டிரைவர் லுங்கியோட குதிச்சான், குதிச்சவனை நாலு பேரு சேர்ந்து மிதிச்சாங்க. யார்டு பூரா புகை, ரத்தம், கரும்புச் சாறு. ஈ மொய்க்குது. இப்பவும் வெல்ல வாசனை வந்தா எழுந்து வெளிய போயிடுவேன்.

நான் மாடிப்படியில நின்னுட்டிருந்தேன். காத்தவராயன் அண்ணன் தலையில ரத்தத்தோட வந்து கீழ நின்னாரு. அவரு பின்னாடி ஒரு கூட்டம்.

"முனியப்பன் முன்னாடி பொய்ச் சத்தியமாடா பண்ணினே? பொண்ணு மேல பண்ணினியேடா!"

என் பொண்ணைச் சொல்லிட்டாரு சார். எனக்கு அவ ஒருத்திதான்.

"அண்ணே, நான் மாத்தினது மாத்தினதுதான். என் வேலையில குத்தம் கிடையாது. வேணும்னா மேல வந்து பாருங்க. கவுண்டர்ல உக்காந்திருக்கறவன் என்ன பண்றான்னு எனக்கெப்படித் தெரியும்?"னேன்.

இதுல என்ன சார் தப்பு? யாரு பேரையாவது சொன்னேனா? விரலை நீட்டினேனா? கேள்விதானே கேட்டேன்.

கூட்டம் அப்படியே திரும்புச்சு. ரெண்டாம் நம்பர்காரன் அதுக்குள்ள ஓடிட்டான். உடைஞ்ச கேபினுக்குள்ளேர்ந்து தட்சணாமூர்த்தியை முடியைப் பிடிச்சு இழுத்தாங்க. "நான் மூடவே இல்லீங்க, சார் சொன்னாருங்க, மூடக் கூடாதுன்னு சொன்னாருங்க"ன்னு கத்தறான். என்ன மூடறது, எதை மூடறது, யாருக்குப் புரியும்? ஒவ்வொருத்தனும் ஒரு அடி. செருப்பால, கரும்பால, கையில கெடைச்சதால. விலா எலும்பு ஒடிஞ்ச பின்னாடியும் அவன் மேல பார்த்து, "சார், சொல்லுங்க சார்"ங்கறான். நான் படியிலதான் நிக்கிறேன். அந்தக் கூட்டத்துல எறங்கினா என்னையும் சேர்த்துத்தானே பொளப்பாங்க? ஒருத்தன் அந்த மானிட்டரையே தூக்கிட்டு வந்தான், பழைய டப்பா மானிட்டர், கனமா இருக்கும். "இதுலதானடா தப்பாக் காட்டினே"ன்னு அவன் மூஞ்சியில போட்டான். கண்ணாடி செதறி ஒரு சில்லு கண்ணுல ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ணையே எடுத்துட்டாங்க.

எனக்கும் அடிதான் சார். ஒரு கல்லு வந்து இங்க, புருவத்துல. பாருங்க, தழும்பு. தையல் போடலை, ஆனா நல்ல எரிச்சல்.

ஏன் அப்படி லாரியாவே வந்துச்சுன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்றேன், இதுவரைக்கும் யாருக்கும் சொல்லல. போலீஸ் வந்துட்டுப் போனப்புறம் நான் தனியா ரெண்டாம் நம்பர் கவுண்டர்ல போய் உக்காந்தேன். அது உடையாம அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு. அடுத்த வண்டின்னு தட்டினேன். லாரி. திரும்பத் தட்டினேன். லாரி. மூடினேன், திறந்தேன், தட்டினேன். டிராக்டர் வருது.

டேட்டாபேஸுக்கு ஒரு பழக்கம் சார். ஒரு கேள்வியை மொதல் தடவை கேட்டா, இதுக்கு எப்படித் தேடணும்னு ஒரு பிளான் போட்டு வெச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேணாமே. அந்தப் பிளானுக்குள்ள என் ஃபங்ஷனையும் கரைச்சுடுது. குழம்பு கூட்டி அடுப்புல ஏத்தின பின்னாடி நீங்க அலமாரியில உப்பு ஜாடியை மாத்தி வெச்சா, கொதிக்கிற குழம்பு மாறுமா? அப்படித்தான். கவுண்டர் சீசன் பூரா மூடாம ஒரே கனெக்‌ஷன்ல ஓடுது, அதனால பழைய பிளான்லயே ஓடிக்கிட்டிருந்துச்சு. என் சீட்டுல நான் புதுசா உள்ள போய்க் கேட்டேன், புதுசாச் சொல்லுச்சு. சம்பத் நிறுத்திப் போட்டான், அவனுக்கும் புதுசு வந்துச்சு. இப்ப வர்ற பதிப்புல ஃபங்ஷன் மாறினா பிளானையும் அதுவே தூக்கிப் போட்டுட்டுப் புதுசாப் போட்டுக்குமாம். எங்க மில்லுல இருந்தது அரதப்பழசு. மாத்திக் குடுங்கன்னு நான் கேட்டிருக்கணும்னு சொல்லுவீங்க. கேட்டா மட்டும் குடுத்துடப் போறாங்களா?

ஆக, தப்பு யாரோடது? மெஷினோடது. நானும் மாத்தினேன், சத்தியமும் சரி. தட்சணாமூர்த்தி மேல தப்பே இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு அவ்வளவு சந்தேகம் இருந்துச்சுல்ல, ஒரு தடவை மூடித் திறந்திருக்க வேண்டியதுதானே? நான் திட்டினா? திட்டினா உடனே கேட்டுடறதா? சம்பத் கேட்டானா? அவனுக்கு ஒரு அறையோட போச்சு. புத்தி வேணும் சார் மனுஷனுக்கு.

கலைமணி, அதான் தட்சணாமூர்த்தி பொஞ்சாதி, வீட்டுக்கு வந்தா. என் பொண்ணுதான் கதவைத் திறந்தா. வாசப்படியிலயே உக்காந்துட்டா.

"அண்ணே, எங்களுக்கு மில்லுல எதுவும் வேணாம். கண்ணு போனதுக்கும் பணம் கேக்கலை. அவரு வாங்கல, கம்ப்யூட்டர்தான் பழசைக் காட்டுச்சுன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரியில தூங்க மாட்டேங்கறாருண்ணே. 'நான் மூடலை, மூடலை'ன்னு எழுந்து உக்காந்துக்கறாரு."

என் பொண்ணு உள்ளேர்ந்து என்னையே பார்க்கிறா. "வர்றேம்மா, போ"ன்னுட்டேன்.

சொல்லிட்டேனே தவிர, யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல பழைய முறையே இருந்துச்சுன்னு நான் அந்தக் கூட்டத்துல நின்னு சொன்னா, காத்தவராயன் என்ன கேப்பாரு? பிளான், கனெக்‌ஷன்னு அவருகிட்ட விளக்க முடியுமா? 'அப்ப பழசை எடுத்துட்டேன்னு நீ சூடம் அணைச்சது பொய்'ம்பாரு. பொண்ணு பேரைச் சொல்லி அணைச்சவன் சார் நான். அவளுக்கு இப்பதான் ஒரு இடம் அமையற மாதிரி இருக்கு, அவங்களும் கரும்புக்காரங்க. அவன் கண்ணு போனது போனதுதான். நான் சொல்றதால திரும்பி வருமா? அவன் வேற ஊருல போய்ப் பொழைச்சுக்கலாம். இவளுக்கு வேற அப்பன் இருக்கானா?

கூட்ரோடு வந்துடுச்சு போலிருக்கு. ஆமா, இதுதான்.

அதோ டீக்கடை முன்னாடி, வெள்ளைச் சட்டை. அவன்தான். சட்டைக்குள்ள உடம்பே இல்ல பாருங்க, இளைச்சுட்டான். பக்கத்துல கலைமணி. எறங்கறவங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பார்க்கிறா. பின்னாடி சங்கத்து ஆளுங்க, காத்தவராயனே வந்திருக்காரு. தட்சணாமூர்த்தி மாலை வேற வெச்சிருக்கான் சார் கையில. எனக்குத்தான் வாங்கியிருப்பான். பைத்தியக்காரன்.

நீங்க எதுக்கு எந்திரிச்சு வழி விடறீங்க? உக்காருங்க. ஜன்னலையும் சாத்த வேணாம், காத்து வரட்டும். அவ முன்வாசலைத்தான் பார்க்கிறா. அவனுக்குப் போன கண்ணு நம்ம பக்கம்தான், தெரியாது.

கண்டக்டர், எறங்கறவங்க எறங்கியாச்சுல்ல? ரைட் குடுங்கப்பா, எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க.